பனையடியில் கற்றதற்குக் கல்லூரியில் மதிப்பு உண்டா?

குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத்தில் பனைத்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாளை சீவுவதும் பதநீர் இறக்குவதும் கருப்பட்டிப் பாகின் பதம் பார்ப்பதும் சிறுவயதிலேயே பழகிய வேலைகள். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கைப்பக்குவம்தான். ஆனால் அதே பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால், இந்த அறிவுக்குப் பெரும்பாலும் ஒரு மதிப்பெண்கூடக் கிடைப்பதில்லை.

வகுப்பறைக்கு வெளியே கற்பதற்கு மதிப்பெண் தருவது புதிய வழக்கமல்ல. வேளாண் பட்டப்படிப்பில் அது ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. வல்லநாடு அருகே உள்ள கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி உட்பட, வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கி விவசாயிகளோடு பழகுகிறார்கள். மண் மாதிரி எடுக்கிறார்கள், விதை நேர்த்தி செய்து காட்டுகிறார்கள், பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில், இந்தப் பயிற்சிக்கும் வேளாண் தொழில் நிறுவனப் பயிற்சிக்கும் சேர்த்து 20 கிரெடிட்.

விவசாயியிடம் கற்க வரும் மாணவருக்குக் கிரெடிட் உண்டு என்றால், அந்த விவசாயியின் பிள்ளை வீட்டிலேயே கற்றதற்கு ஏன் கூடாது?

2023-ல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு இதற்கு வழி காட்டுகிறது. 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். வேலை அனுபவத்தையும் உரிய மதிப்பீட்டுக்குப் பிறகு கணக்கில் சேர்க்கலாம். பெற்ற கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021 முதல் கல்விக் கிரெடிட் வங்கியும் உள்ளது. ஆனால் ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது.

“வேலை செய்ததெல்லாம் படிப்பாகுமா?” என்று கேட்பவர்களின் கேள்வியும் நியாயமானதே. மரம் ஏறிய நாட்களை எண்ணிக் கிரெடிட் கொடுத்தால் பட்டத்துக்கு மதிப்பிருக்காது. பிள்ளையைக் கூலியில்லா ஆளாக வைத்திருக்கவும் அது சாக்காகிவிடும். ஆகவே நாட்களை எண்ணாமல் அறிவைச் சோதிக்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு ஏன் தடவுகிறோம்? அது குறைந்தால் பதநீர் ஏன் புளிக்கிறது? கூடினால் கருப்பட்டி என்ன ஆகிறது? ஒரு கிலோ கருப்பட்டிக்கு விறகுச் செலவு எவ்வளவு? செய்து காட்டி, காரணமும் சொல்லி, கணக்கும் எழுதும் மாணவருக்குக் கிரெடிட் தருவது சலுகை ஆகாது. அது அவர் உழைத்துப் பெற்ற மதிப்பெண்.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. களப்பயிற்சிக்கு எத்தனை கிரெடிட்? முன்அனுபவத்தை மதிப்பிட்டு ஏற்கும் வசதி உண்டா? பதில் ‘இல்லை’ என்றாலும் பரவாயில்லை. பல வீடுகளிலிருந்து இதே கேள்வி வந்தால், கல்லூரியும் யோசிக்கத் தொடங்கும்.