கட்டுத்தறியும் கறவை மாடும்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தமிழர்கள் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் தேடிச் செல்வர். காப்பியில் கலக்கும் பால் எங்கிருந்து வருகிறது என்று எண்ணுவோர் சிலரே. அந்நகரின் பாலில் ஒரு பகுதி காசிப்பூர், பல்ஸ்வா போன்ற நகர எல்லைக்குட்பட்ட பால்பண்ணைகளிலேயே கறக்கப்படுகிறது. இட நெருக்கடி மிகுந்த அத்தொழுவங்களில் மாட்டை எதனால், எவ்வாறு கட்டுவது என்பது சிறிய செய்தி அன்று.

தீவனம் வைக்கவும் பால் கறக்கவும் மாட்டை நாள்தோறும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். தடுப்பூசி, சினை ஊசி, சிகிச்சை ஆகியவற்றின்போது சிறிது நேரம் அசையாமல் நிறுத்த வேண்டும். இவ்விரண்டிற்கும் ஒரே கருவி பொருந்தாது.

நாள்தோறும் கட்டுவதற்குக் கழுத்துக்கயிறே போதும். பருத்திக்கயிறு மென்மையானது, ஆனால் சாணமும் சிறுநீரும் பட்டு விரைவில் இற்றுவிடும். நைலான் கயிறு நெடுநாள் உழைக்கும். இறுகினால் தோலை அறுக்கும். சங்கிலியைக் கழுவித் தூய்மை செய்யலாம். எனினும் மாடு சிக்கிக்கொண்டால் கயிற்றைப் போல அரிவாளால் அறுத்து விடுவிக்க இயலாது. எதுவாயினும், மாடு படுத்து எழுவதற்கும் தன் உடலை நக்குவதற்கும் போதிய நீளம் வேண்டும். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் பிணைத்து வைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே கொள்கிறது.

மேலைநாட்டுப் பண்ணைகளில் தீவனத்தொட்டியின் முன் தலைப்பூட்டுச் சட்டங்கள் உள்ளன. மாடு தலையை நீட்டியவுடன் அவை தாமே பூட்டிக்கொள்ளும். கொம்பு நீக்கப்பட்ட மாடுகளுக்கு ஏற்ற இவற்றை நீண்ட கொம்புடைய நம் நாட்டினங்களுக்கு அப்படியே வாங்குதல் வீண்செலவு.

சிகிச்சைக்கு 'டிராவிஸ்' என்னும் இரும்புக்குழாய்ச் சட்டமே ஏற்றது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கோமாரி நோய்க்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் அச்சட்டம் ஒன்று இருத்தல் நன்று. உதைபடாமல் ஊசி போடுபவரையும் அது காக்கும். அதனை உறுதியாகத் தரையில் பதித்து, கூர்முனைகளை மழுக்கி, வழுக்காத தளம் இட வேண்டும். மாட்டுக்குப் பக்கவாட்டுப் பார்வை மிக அகன்றது. நிழலோ தொங்கும் சங்கிலியோ கண்ணில் பட்டால் அது நின்றுவிடும். இதனை அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். அங்கே தேவைப்படுவது தடியன்று, நிழலை அகற்றுதலே.

அஞ்சிய மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அச்சத்தில் ஊறும் அட்ரினலின், பாலை இறக்கும் ஆக்சிடோசினின் செயலைத் தடுப்பதே காரணம். அந்நிலையில் சிலர் ஆக்சிடோசினை ஊசியாகச் செலுத்துகின்றனர். அது விலங்குவதை எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2024இல் சுட்டிக்காட்டியது.

இடம் உள்ளவர் ஒரு பசுவுக்குக் கூரையின்கீழ் 3.5 சதுர மீட்டரும் திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும் ஒதுக்கித் தளர்கொட்டில் அமைக்கலாம். அங்கே கறக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் மாட்டைக் கட்டவே வேண்டியதில்லை.