நடுவயதில் சேர்ந்து ஓடுதல்

வாரத்தில் ஒரு நாள், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் கூடி, வெற்றி தோல்வி பார்க்காமல் அவரவர் வேகத்தில் ஓடுவது சமூக ஓட்டம் எனப்படுகிறது. இதில் பயிற்றுநரோ தகுதித் தேர்வோ தேவையில்லை. நடப்பவருக்கும் இடம் உண்டு. நாற்பதிலிருந்து அறுபது வரையான வயதினருக்கு இந்த ஏற்பாடு தனியே ஓடுவதைவிடவும் உடற்பயிற்சி நிலையத்தைவிடவும் நன்றாகப் பொருந்துகிறது. அவர்களில் பலருக்கு ஓடத் தொடங்குவதைவிட அடுத்த வாரமும் வருவதுதான் கடினம். கூட்டம் அந்தக் கடினத்தைக் குறைக்கிறது.

இவ்வழக்கத்தின் பழைய வடிவங்களில் ஒன்று ஆசியாவில் பிறந்தது. 1938இல் கோலாலம்பூரில் ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் நண்பர்களும் ஹாஷ் ஓட்டத்தைத் தொடங்கினர். ‘முயல்’ என்று பெயர் பெற்ற ஒருவர் முன்னே போய்க் காகிதத் துண்டுகளாலோ மாவினாலோ தடம் இட்டுச் செல்வார். மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டு பின்தொடர்வார்கள். தடங்களில் சில வேண்டுமென்றே பொய்யானவை. வேகமாக ஓடுபவர் பொய்த்தடத்தில் போய்த் திரும்பி வருவதற்குள் மெதுவாக வருபவர் அவரை எட்டிவிடுவார். இருபத்தைந்து வயதினரும் ஐம்பத்தைந்து வயதினரும் ஒரே கூட்டமாக ஓடி முடிக்க இதைவிடச் சிறந்த வழியை வேறு யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. உறுப்பினர்களில் மூத்தவர்கள் தாம் நினைக்கும் அளவுக்கு முதுமை அடைந்துவிடவில்லை என்று அவர்களை நம்ப வைப்பதும் அக்குழுவின் எழுதப்பட்ட நோக்கங்களில் ஒன்று. இலங்கையில் கொழும்பைப் போலவே கண்டியிலும் ஹாஷ் குழு உண்டு.

மற்றொரு வடிவம் 2004 அக்டோபர் 2ஆம் திகதி இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய பார்க்ரன். சனிக்கிழமை காலையில் 5 கிலோமீற்றர் தூரம் ஓடுவார்கள். கட்டணம் கிடையாது. எல்லா வேலைகளையும் தொண்டர்களே பார்க்கிறார்கள். இன்று அது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

நடுவயதில் உடலுக்குள் நிகழும் மாற்றங்கள் வெளியே உடனே தெரிவதில்லை. முப்பதுகளிலிருந்தே தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு, அசைவின்றி வாழ்பவருக்குப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இறங்குகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. தெற்காசியருக்கு இன்னொரு சுமையும் உண்டு. மெலிந்த தோற்றமுள்ளவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதால் நீரிழிவு முன்கூட்டியே வருகிறது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே எச்சரிக்கை என்று கொள்கிறார்கள்.

இலங்கையில் ஐந்து மரணங்களில் நான்கு, இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. கண்டியைச் சூழ்ந்த மலையகத்தில் இதற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. கொழுந்துக் கூடையோடு நாள் முழுவதும் மேடு ஏறி இறங்கிய தலைமுறையின் பிள்ளைகளில் பலர் இன்று நகரத்தில் கடையிலும் வங்கியிலும் பாடசாலையிலும் அலுவலகத்திலும் அமர்ந்து வேலை செய்கிறார்கள். உழைப்பு மாறிய அளவுக்குச் சோற்றின் அளவும் தேத்தண்ணியில் போடும் சீனியின் அளவும் மாறவில்லை.

இந்நிலையில் ஓட்டம் எவ்வளவு உதவும் என்பதற்கு நீண்டகால ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவில் 55,137 பேரைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஓடுபவர்கள் மரணமடையும் வாய்ப்பு ஓடாதவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதமும், இதயநோயால் மரணமடையும் வாய்ப்பு 45 சதவீதமும் குறைவாக இருந்தன. நாளுக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவாக, மெதுவாக ஓடியவர்களிடமும் பலன் தெரிந்தது. ஆரோக்கியமானவர்களே ஓட வருகிறார்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் ஓட்டத்தால் வந்தது என்று கொள்ள முடியாது. ஆயினும் வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. வாரத்துக்கு ஒருமுறை போதுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்து, ஸ்கொட்லாந்தில் 63,591 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவு ஒரு பதில் தருகிறது. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் பயிற்சி செய்தவர்களும் கணிசமான பலன் அடைந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான அசைவையோ 75 நிமிடக் கடின அசைவையோ குறைந்தபட்சமாகக் கேட்கிறது. சனிக்கிழமை ஓட்டம் மட்டும் அதை நிரப்பாது. ஆனால் சனிக்கிழமை கூட்டத்தோடு ஈடுகொடுக்க வேண்டும் என்ற எண்ணமே செவ்வாயிலும் வியாழனிலும் அரைமணி நடக்க வைக்கிறது.

முழங்கால் தேய்ந்துவிடும் என்ற பயம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாமல் இருந்தவர்களில் அது 10.2 சதவீதம், போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். நிதானமாக ஓடுவது மூட்டுக்குக் கேடல்ல. ஏற்கெனவே மூட்டு வலியோ மிகுந்த உடல் எடையோ உள்ளவர் மட்டும் நடையில் தொடங்க வேண்டும். வயதும் ஓட்டத்துக்குத் தடையல்ல: முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் எழுபதைக் கடந்த வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

சேர்ந்து ஓடுவதன் பலன் உடலோடு நிற்பதில்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் படகு வலிப்போரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே அளவு உழைப்பையே செய்தபோதும், தனியாகச் செய்தபோது இருந்ததைவிடக் குழுவாகச் செய்தபின் வலியைத் தாங்கும் திறன் அதிகமாக இருந்தது. மூளையில் எண்டோர்பின் கூடுதலாகச் சுரப்பதே காரணம் என்று ஆய்வாளர் கருதினர். அதே ஆண்டில் 148 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு கட்டுரை, வலுவான உறவுகள் உள்ளவர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவரைவிட 50 சதவீதம் கூடுதல் என்றது. நடுவயதில் உறவுகள் சுருங்குகின்றன. பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள், பழைய நண்பர்களைக் கல்யாண வீட்டிலும் மரண வீட்டிலும்தான் காண முடிகிறது. வாராவாரம் காண்கிற முகங்கள் இந்த இடத்தை நிரப்புகின்றன. ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது தொலைபேசியில் விசாரிப்பார்கள்.

கண்டியில் இதற்கு இன்னொரு பெறுமதியும் இருக்கிறது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதிகளில் வாழும் நகரம் இது. 2018 மார்ச்சில் அருகிலுள்ள திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த வன்முறை, அயலவர் என்பதால் மட்டும் நம்பிக்கை தானாக வளர்ந்துவிடாது என்பதைக் காட்டியது. மேட்டில் மூச்சு வாங்கியபடி பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிப் பழகுவதற்கு மொழித் தேர்ச்சி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பெண்களுக்கோ கூட்டமே பாதுகாப்பு. விடியற்காலையில் தனியே ஓடத் தயங்கும் பெண் எட்டுப் பேருடன் தயங்காமல் ஓடுகிறார்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கண்டியின் காலை குளிர்ச்சியானது. தொடங்குபவருக்கு ஏற்ற இடம் வாவிக்கரை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டத் தொடங்கிய இவ்வாவியின் சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், பாதையும் ஏறக்குறையச் சமதரை. ஒன்றரைச் சுற்று ஓடினால் 5 கிலோமீற்றர் வந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்து வீதிகளில் மரநிழலும் மெல்லிய ஏற்ற இறக்கமும் உண்டு. தலதா மாளிகைக்குப் பின்னுள்ள உடவத்தகலைக் காடும் ஹந்தானை மலைச்சரிவும் பழகியவர்களுக்கே உரியவை. மழைக்குப்பின் அங்கே அட்டைக்கடியும் வழுக்கலும் நிச்சயம். மலைகள் சூழ்ந்த பள்ளம் என்பதால் நகரத்து வாகனப் புகை எளிதில் கலைவதில்லை, ஆகவே பாடசாலை வான்களும் பஸ்களும் நிரம்பும் முன்பே ஓடி முடிப்பது நல்லது. தெருநாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கண்டியின் மேடுகளில் நடந்து ஏறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை, அதுவே முறையான பயிற்சி. இறக்கத்தில்தான் தொடைத் தசையும் முழங்காலும் அதிக அதிர்ச்சியைத் தாங்குகின்றன, அங்கே சிறு அடிகளாக வைத்து இறங்க வேண்டும். முதல் சில வாரங்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறிப் போவது போதும். பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். செலவழிக்க விரும்புபவர் நல்ல சப்பாத்தில் செலவழிக்கட்டும், மற்றவை அவசியமில்லை.

தொடங்குமுன் குருதி அமுக்கம், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பார்த்துக்கொள்வது அவசியம். சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இப்பரிசோதனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. புகைப்பவரும், நீரிழிவு உள்ளவரும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவரும் வைத்தியரிடம் கேட்டபின்னரே ஓட வேண்டும். இன்சுலின் எடுப்பவர் இனிப்பு ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் உடனே நின்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அப்போது பக்கத்தில் ஒருவர் இருப்பார் என்பதும் கூட்டமாக ஓடுவதன் பலன்களில் ஒன்று.