தாயும் சேயும் ஒரு காணாக் கிருமியும்



பிறர் எச்சிலை உண்ணக் கூசும் நாம், பெற்ற குழந்தையின் எச்சிலை எச்சிலாகவே கருதுவதில்லை. குழந்தை உண்டு மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றித் தாய் உண்டுவிடுவது நம் இல்லங்களில் அன்றாட வழக்கம். அத்தாய் மீண்டும் கருவுற்றிருக்கும் மாதங்களில் மட்டும் இவ்வழக்கத்தை நிறுத்திவைப்பது நலம். காரணம், சைட்டோமெகலோவைரஸ் என்னும் கிருமி.

சின்னம்மைக் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது இது. ஒருமுறை உடலிற் புகுந்தால் ஆயுள் முழுவதும் அங்கேயே உறங்கிக் கிடக்கும். நம் நாட்டில் வயதுவந்தோருள் மிகப் பெரும்பாலோரிடம் இது உண்டு. நல்ல தேகபலம் உள்ளவர்களை இது வருத்துவது அரிதாகையால், அவர்கள் அதனை அறிவதில்லை.

ஆயின், அபாயம் யாருக்கு? சிறுநீரகம் முதலிய உறுப்புகளை மாற்றிப் பொருத்திக்கொண்டு, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உண்போருக்கு. எய்ட்ஸ் நோயால் அவ்வாற்றல் பெரிதும் குன்றியோருக்கு. எல்லோரினும் மேலாக, கருவிலிருக்கும் சிசுவுக்கு. கர்ப்ப காலத்தில் தாய்க்கு இது முதன்முறையாகத் தொற்றுமாயின், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சிசுவையும் அடைகிறது. முன்பே உறங்கிக் கிடந்த கிருமி விழித்தெழுந்தும் சிசுவை அடையலாம். எனினும் அது மிகக் குறைவு. தொற்றுடன் பிறக்கும் குழந்தைகளிற் பெரும்பாலோர் நலமாகவே வளர்கின்றனர். சிலரோ செவிப்புலனை இழக்கின்றனர். பிறந்தபோது நன்றாகக் கேட்ட காது பின்னர் மந்தமாவதும் உண்டு.

சிறு குழந்தைகளின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் இக்கிருமி மாதக்கணக்கில் வெளிப்படும். அதற்காகக் குழந்தையை விலக்கிவைக்க வேண்டுவதில்லை. அதன் கரண்டியும் தம்ளரும் தனியே இருக்கட்டும். முத்தம் நெற்றியோடு நிற்கட்டும். மூக்கைத் துடைத்த பின்பும் ஈரத்துணியை மாற்றிய பின்பும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கர்ப்ப காலச் சோதனைகள் ஓரூரிலும், தாய்வீட்டுப் பிரசவம் வேறோர் ஊரிலும் நிகழ்வது நம்மிடையே சகஜம். ஆகவே, மருத்துவக் குறிப்புகளை உடன் கொண்டு செல்லுங்கள். குழந்தையின் செவிச் சோதனையை, ஊர் திரும்பிய பின் பார்க்கலாம் என ஒத்திப்போடலாகாது. குறை தென்படின், பிறந்த 3 வாரங்களுக்குள் உமிழ்நீரையோ சிறுநீரையோ ஆராய்ந்தால்தான், தொற்று கருவிலேயே நேர்ந்ததா என்பதைத் திட்டமாகக் கூற இயலும். தேவைப்படும் குழந்தைகளுக்கு மருந்தும் உண்டு. அதனை முதல் மாதத்திலேயே தொடங்குவது நன்று.

இக்கிருமிக்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அதுவரை சோப்பும் தண்ணீருமே தாய்க்கும் சேய்க்கும் காவல்.