வண்டியை வித்தாச்சு... ஆனா ஆர்.சி. இன்னும் அப்பா பேர்லயா?

விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரத்தில் அப்பா, சென்னையில் வேலை பார்க்கும் மகன் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. "வண்டி சும்மாதான் நிக்குது, வித்துடுப்பா" என்கிறார். லீவில் ஊருக்கு வந்த மகன், தெரிந்தவர் ஒருவரிடம் பேசி முடிக்கிறார். யுபிஐ-யில் பணம் வந்துவிடுகிறது. பேர் மாற்றும் படிவங்களில் அப்பாவிடம் கையெழுத்தை மட்டும் வாங்கி, மற்றதை காலியாகவே கொடுத்துவிடுகிறார். "ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையை நான் பாத்துக்கிறேன் தம்பி" என்கிறார் வாங்கியவர்.

பல வீடுகளில் வண்டி கைமாறுவது இப்படித்தான். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சட்டப்படி ஓனர் யார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 2(30) சொல்வது எளிமையானது: வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவர்தான் உரிமையாளர். கடனில் வாங்கிய வண்டி, மைனர் பெயரில் உள்ள வண்டி ஆகியவற்றுக்கு மட்டும் தனி விளக்கம் உண்டு. பணம் கைமாறியதோ, சாவி கைமாறியதோ ஆர்.சி.யை மாற்றாது.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2007-ல் விற்கப்பட்ட ஒரு வண்டி, பெயர் மாறாமலேயே பல கைகளுக்குப் போனது. 2009-ல் அந்த வண்டி விபத்தில் சிக்கியது. 'நான் எப்பவோ வித்துட்டேன்' என்பதே பதிவில் இருந்தவரின் வாதம். 2018 பிப்ரவரி 6-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. நஷ்டஈடு கேட்பவர், வண்டி யார் யாரிடம் போனது என்று தேடி அலைய வேண்டியதில்லை, ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

அனந்தபுரம் அப்பாவுக்கும் இதுதான் நிலை. வாங்கியவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டி விபத்து நடந்தால், நஷ்டஈட்டுக்கான நோட்டீஸ் அப்பா வீட்டுக்கு வரும். இ-சலானும் அவர் பெயரில்தான் விழும்.

அப்பாவுக்காக மகன் என்ன செய்யலாம்?

அலைச்சலை மகன் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்து அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்கு அப்பா மாதிரி போட்டுவிடுவது போர்ஜரி.

● படிவம் 29 என்பது விற்பவர் கொடுக்கும் தகவல். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

● படிவம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். வாங்குபவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

● கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், படிவம் 35 கொடுத்து அதை முதலில் நீக்க வேண்டும்.

● இன்சூரன்ஸிலும் தன் பெயரை மாற்றச் சொல்லி வாங்குபவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை பரிவாகன் தளத்தில் தொடங்கலாம். ஓ.டி.பி. ஆர்.சி.யோடு இணைந்த மொபைல் எண்ணுக்குத்தான் வரும். அப்பாவின் பழைய நம்பர் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அப்பா நேரில் வர வேண்டுமா, அவர் கொடுக்கும் அதிகாரக் கடிதம் போதுமா என்பதை சம்பந்தப்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்பினால் ஒரு அலைச்சல் மிச்சம். ஆர்.சி. டி.என்.32 என்று தொடங்கினால் விழுப்புரம் பதிவு, டி.என்.16 என்றால் திண்டிவனம்.

பாண்டிச்சேரி வண்டியா?

இந்தப் பகுதியில் பி.ஒய். நம்பர் வண்டிகள் சகஜம். பக்கத்து ஊர் மாதிரி தெரிந்தாலும் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். அந்த வண்டியை வாங்கி இங்கே பெயர் மாற்ற, பதிவான அலுவலகத்தில் படிவம் 28 மூலம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கும் விண்ணப்பித்தாக வேண்டும்.

அப்பா இறந்துவிட்டால்?

அவர் நினைவாக வண்டியை ஓட்டலாம், ஆனால் அவர் பெயரிலேயே காலத்துக்கும் ஓட்ட முடியாது. 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால், மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் தேவைப்படும். 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி சேர்க்கும் வசதியும் இருக்கிறது. அப்பா இருக்கும்போதே சேர்த்துவிட்டால் பிறகு குடும்பத்துக்கு வேலை குறையும்.

டீலரிடம் விட்டால்?

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வண்டியால் வரும் விஷயங்களுக்கு டீலரே பொறுப்பு. அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சாவி கொடுப்பதற்கு முன்...

காலிப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்களிடம் இருக்கும் ஆதாரம் மட்டுமே, பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. பதிவு எண்ணைப் போட்டு பரிவாகனில் பாருங்கள். அங்கே புதியவர் பெயர் வந்தால்தான் அப்பா வண்டியை விற்றுவிட்டார் என்று அர்த்தம்.