மஞ்சா பாடுபவர்களுக்கு மேடை மட்டும் போதுமா?

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்பு என்றாலும், கொட்டாஞ்சேனையில் ஒரு பிறந்தநாள் விருந்து என்றாலும், கடைசி ஒரு மணித்தியாலம் பெரும்பாலும் பைலாவுக்குத்தான். அதுவரை கதிரையை விட்டு எழும்பாத பெரியப்பாவும் அந்தத் தாளத்துக்கு எழும்பிவிடுவார். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று இந்த நாட்டில் எல்லோரும் தமது என்று உரிமை கொண்டாடும் இசை ஒன்று இருக்குமானால் அது பைலாதான்.

ஆனால் அந்தத் தாளம் வந்த வழியில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் நமது பதில் போர்த்துக்கேயரோடு நின்றுவிடுகிறது. பைலாவுக்கு முந்திய வடிவமான 'கபிரிஞ்ஞா'வின் பெயரிலேயே வேறொரு மக்கள் கூட்டம் இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூன்று ஆட்சிகளிலும் அடிமைகளாகவும் படையினராகவும் இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்கள் அவர்கள். அவர்களின் வம்சாவளியினர் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிராம்பியடியில் வாழ்கிறார்கள். 'மஞ்சா' என்ற தமது இசையைப் பாடுகிறார்கள். விழாக்களுக்கு அழைக்கப்படுகிறார்கள், கைதட்டலும் பெறுகிறார்கள்.

அப்படியானால் குறை என்ன? ஒரு கலையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது மேடை அல்ல. மேடைக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைதான் அதைச் செய்கிறது. உலகில் ஆபிரிக்க வம்சாவளிக் கலைஞர்களுக்காக அந்த வேலையைச் செய்பவர்களைப் 'படைப்புத் தயாரிப்பாளர்' என்று அழைக்கிறார்கள். அந்த வேலை என்ன, இலங்கையில் அது ஏன் தேவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழும்பின் பழைய குடிகள்

ஆபிரிக்கர்கள் கொழும்புக்குப் புதியவர்கள் அல்ல. 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பயணி இப்னு பதூதா, கொழும்பை ஆண்ட ஜலஸ்தி என்ற அதிகாரியிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அதாவது ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அவர்கள் இந்தத் துறைமுகத்தில் இருந்தார்கள்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவர்களைப் படைக்கும் கட்டுமான வேலைக்கும் அடிமைகளாகப் பயன்படுத்தினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் பகலில் வேலை வாங்கப்பட்ட அடிமைகள் இரவில் பேரை வாவியை ஒட்டிய நிலப்பகுதியில் அடைத்து வைக்கப்பட்டார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு என்ற பெயர் நிலைத்தது. தமிழில் நாம் அதைக் கொம்பனித்தெரு என்கிறோம். ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே அழைக்க வேண்டும் என்று 2022இல் அரசாங்கம் அறிவித்தது. அவமானகரமான பெயர் ஒன்று நீங்குவது நியாயமானதே. ஆனால் அந்தப் பெயர் நினைவூட்டிய மனிதர்களுக்கு வேறொரு நினைவிடம் தேவை என்ற பேச்சு அதோடு சேர்ந்து எழவில்லை.

ஆங்கிலேயர் ஆபிரிக்கர்களைத் தமது இலங்கைப் படைப்பிரிவுகளில் சேர்த்துக் கண்டிப் போர்களில் இறக்கினார்கள். 1844இல் இங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1873இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. புத்தளம் பகுதியில் குடியேறிய முன்னாள் ஆபிரிக்கப் படையினரின் சந்ததியினரே சிராம்பியடி மக்கள் என்று கருதப்படுகிறது. இன்று அவர்களிற் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். அன்றாடம் சிங்களம் பேசுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த கலப்புத் திருமணங்களால் தோற்றத்தை வைத்து மட்டும் எல்லோரையும் அடையாளம் காண முடியாது.

பெயரிலும் சிக்கல் உண்டு. 'கஃபிர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் தென்னாபிரிக்காவில் கடும் இனவசவு. தமிழிலும் 'காப்பிரி', 'காப்பிலி' என்பன நிறத்தையும் சுருள் முடியையும் கேலி செய்யும் சொற்களாகப் புழங்கியிருக்கின்றன. இங்கே சமூகத்தினரில் சிலர் அந்தப் பெயரைத் தயக்கமின்றி ஏற்கிறார்கள். 'இலங்கை ஆபிரிக்கர்' என்ற பெயரும் வழக்கில் உள்ளது. எதைப் பயன்படுத்துவது என்பதை அவர்களிடம் கேட்டு எழுதுவதே முறை.

மஞ்சா என்றால் என்ன?

மஞ்சா மெதுவாகத் தொடங்கும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். சிறிது சிறிதாக வேகம் கூடி, பாடுபவரும் ஆடுபவரும் ஒரே அலையில் சேர்ந்துகொள்வார்கள். மேளத்தோடு தேங்காய்ச் சிரட்டை, போத்தலும் கரண்டியும், உலோகப் பாத்திரம் என்று வீட்டில் கிடைப்பவை எல்லாம் தாளக் கருவிகள் ஆகும். பாடுவதிலும் ஆடுவதிலும் பெண்கள் முன்னிற்பார்கள்.

பாடல்களின் மொழி இலங்கைப் போர்த்துக்கேய கிரியோல். இதே மொழியின் இன்னொரு கிளையை மட்டக்களப்புப் பறங்கியர் காப்பாற்றி வருகிறார்கள், அவர்களின் கல்யாணங்களில் கபிரிஞ்ஞா இன்றும் ஆடப்படுகிறது. சிராம்பியடியிலோ அந்த மொழி பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. மூத்தவர்கள் பாடும் பல வரிகளின் முழுப்பொருள் இளையவர்களுக்குத் தெரியாது. மொழி போனபின் பாட்டு மட்டும் எஞ்சியிருக்கும் நிலை இது. ஒரு மூத்த பாடகி இறந்தால் ஒரு பாடலின் உச்சரிப்பும் அது எப்போது, எதற்காகப் பாடப்பட்டது என்ற நினைவும் அவரோடு போய்விடலாம்.

இந்த இழை நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான் 1940களில் கபிரிஞ்ஞா தாளத்தைச் சிங்களப் பாடலுக்குள் கொண்டுவந்து நவீன பைலாவை உருவாக்கினார். அந்தத் துள்ளலைக் கேட்டு வளர்ந்ததுதான் 1970களின் ஈழத்துப் பொப்பிசை. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட வைத்தது. பைலா முழுவதும் ஆபிரிக்க இசை என்று சொல்வது மிகை. போர்த்துக்கேய, ஆபிரிக்க, உள்ளூர் இழைகள் கலந்த இசை அது. ஆனால் கலந்தவர்களில் ஒரு தரப்பின் பெயர் மட்டும் தொடர்ந்து விடுபடுவது தற்செயல் அல்ல.

ஏற்பாட்டாளரும் தயாரிப்பாளரும்

நமது பேச்சில் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுபவர். படைப்புத் தயாரிப்பாளரின் வேலை வேறு. கலைஞருக்கும் பார்வையாளருக்கும் நடுவில் நின்று படைப்பு எப்படி உருவாகும், எப்படிக் காட்டப்படும், யாருடைய பெயரில் நிற்கும், வரும் பணம் எப்படிப் பகிரப்படும், அடுத்த வருடம் என்ன நடக்கும் என்பவற்றுக்குப் பொறுப்பேற்பவர் அவர்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கொழும்பில் ஒரு பண்பாட்டு மாலைக்கு மஞ்சா குழு ஒன்று அழைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்பாட்டாளர் வான் பிடித்து, ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தூரத்திலிருந்து அவர்களை அழைத்து வந்து, இருபது நிமிடம் மேடை கொடுத்து, சாப்பாடும் ஒரு தொகையும் கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் தவறு எதுவும் செய்யவில்லை.

தயாரிப்பாளர் இன்னும் சில கேள்விகளைக் கேட்பார். நாட்கூலி வேலையை விட்டு வருபவருக்கு அந்த நாளின் இழப்பையும் சேர்த்தா கொடுப்பனவு கணக்கிடப்பட்டது? எந்தப் பாடல் என்று தெரிவு செய்தது யார்? அறிமுகக் குறிப்பை எழுதியவர் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினாரா? 'ஆபிரிக்க' உடை என்ற பெயரில் அவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் போடச் சொன்னார்களா? ஒளிப்பதிவு யாருக்குச் சொந்தம்? அது இணையத்தில் ஏறினால் பாடியவரின் பெயர் இருக்குமா?

சிறிய கேள்விகள்தான். ஆனால் ஒரு கலைஞர் மதிப்புக்குரிய தொழிலாளியாக நடத்தப்படுகிறாரா, அல்லது விழாவின் அலங்காரமாக வைக்கப்படுகிறாரா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

சித்திகளின் அனுபவம்

இந்தியாவில் ஆபிரிக்க வம்சாவளியினர் சித்திகள் எனப்படுகிறார்கள். குஜராத்திலும் கர்நாடகத்திலும் அவர்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். இசையியலாளர் நசீர் அலி ஜைராஸ்போயும் அவரது துணைவியார் ஏமி கட்லினும் குஜராத் சித்திகளோடு பல வருடங்கள் வேலை செய்தார்கள். ஆவணப்படங்கள் எடுத்தார்கள். 'சித்தி கோமா' குழு வெளிநாட்டு மேடைகளுக்குப் போக உதவினார்கள். வாசிப்பவர்கள் அருகிப் போயிருந்த 'மலுங்கா' என்ற வில் வாத்தியத்தை மீண்டும் கற்பிப்பதற்காகவே தனித் திட்டம் ஒன்றை நடத்தினார்கள்.

கர்நாடகத்தில் சித்திப் பெண்கள் பழைய துணிகளைக் கையால் ஒட்டுத் தைத்து 'கவந்தி' என்னும் போர்வைகள் செய்கிறார்கள். கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவல் அவற்றைக் கலைப் படைப்புகளாக அமெரிக்காவில் காட்சிக்கு வைத்தார். அதோடு நிற்காமல் அந்தப் பெண்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்று உருவாகவும் துணைநின்றார்.

இதில் எச்சரிக்கையும் இருக்கிறது. சித்திகளின் 'தமால்' ஆட்டம் பாவா கோர் என்ற ஞானியின் வழிபாட்டோடு சேர்ந்தது. வெளிநாட்டு மேடையில் பார்வையாளர் மனதில் நிற்பதோ, தேங்காயை மேலே எறிந்து தலையில் வாங்கி உடைக்கும் கணம்தான். வழிபாடு வித்தையாகச் சுருங்கும் ஆபத்து எப்போதும் உண்டு. இதைவிட முக்கியமானது, மேலே சொன்ன மூவரும் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் என்பது. நல்ல தயாரிப்பாளரின் வெற்றி, அவர் விலகிய பின்னும் வேலை தொடர்வதில்தான் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பாடம்

இது தமிழர்களுக்கு அந்நியமான விவாதம் அல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடிய கூத்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற செறிவான மேடை வடிவங்களாக மாறியது. படித்த தமிழர் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அவரது பங்கு பெரியது. இன்றைய சொல்லில் அவரும் ஒரு படைப்புத் தயாரிப்பாளரே.

ஆனால் கூத்து நகரத்துக்கு வந்தபோது கூத்தாடும் ஊர் என்ன ஆனது என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 2000களில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் சீலாமுனையில் செய்த கூத்து மீளுருவாக்க வேலை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. அங்கே கூத்து ஊரைவிட்டு வெளியேறவில்லை. அண்ணாவியாரும் ஊர்மக்களும் தமது கூத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று தாமே பேசி முடிவெடுத்தார்கள்.

மஞ்சாவுக்கு இரண்டு வழிகளும் தேவை. கொழும்பு மேடை வருமானத்தையும் கௌரவத்தையும் தரும். ஊருக்குள் நடக்கும் வேலை பாடலைப் பிள்ளைகளிடம் சேர்க்கும். முதலாவது மட்டும் நடந்தால் பாடலின் வெளித்தோற்றம் மட்டுமே எஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் இரண்டு பாதுகாப்புகள் உள்ளன. ஒன்று, கலைஞரின் சம்மதமின்றி அவரது நேரடி ஆற்றுகையைப் பதிவு செய்ய முடியாது. இரண்டாவது 24ஆம் பிரிவு. அது நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கிலோ அவற்றின் மரபான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. பயன்படுத்தும்போது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து அது வந்தது என்பதைக் குறிப்பிடவும் கோருகிறது.

குறை ஒன்று உண்டு. வணிகப் பயன்பாட்டுக்கான அனுமதியை வழங்குவது அமைச்சர் நியமிக்கும் அதிகாரசபை. பாடும் சமூகம் அல்ல. எனவே நியாயமான தயாரிப்பாளர் சட்டத்தின் குறைந்தபட்சத்தோடு நிற்கமாட்டார். பாடுபவர்களின் சம்மதத்தை அவர்களது மொழியில் எழுத்தில் பெறுவார். ஒப்பந்தத்தின் பிரதியும் பதிவின் பிரதியும் ஊரில் இருப்பதை உறுதி செய்வார்.

அயலில் நடப்பது

இதே இந்து சமுத்திரத்தில் அடிமைகளின் பிள்ளைகள் உருவாக்கிய வேறு இசைகளும் உண்டு. ரீயூனியன் தீவின் மலோயா 2009இலும், மொரீசியசின் செகா 2014இலும், சீசெல்சின் முத்தியா 2021இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியல் மட்டும் ஒரு பாடலைக் காப்பாற்றாது. ஆனால் இவை தம் நாட்டின் இசை என்று அந்த நாடுகள் உலகத்தின் முன் சொல்லியிருக்கின்றன. ஆபிரிக்க வம்சாவளியினருக்கான ஐ.நா.வின் முதலாவது தசாப்தம் 2024இல் முடிந்து, 2025 முதல் 2034 வரை இரண்டாவது தசாப்தம் நடக்கிறது. இலங்கையும் இதைப் பயன்படுத்தலாம்.

ஆரம்ப வேலை பூச்சியத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஆய்வாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய பல ஆண்டுகளாக இந்தச் சமூகத்தின் வரலாற்றையும் பாடல்களையும் ஆவணப்படுத்தி நூல்கள் எழுதியிருக்கிறார். காலியிலும் யாழ்ப்பாணத்திலும் போருக்குப் பின் நடந்த இசை விழாக்கள், நாட்டின் பல பாகத்துக் கிராமியக் கலைஞர்களை ஒரே இடத்தில் கூட்ட முடியும் என்று காட்டின. மட்டக்களப்புப் பறங்கியரின் கிரியோல் அறிவு, புரியாமல் போன வரிகளைப் புரிந்துகொள்ள உதவக்கூடும்.

இனித் தேவைப்படுவது இவற்றை இணைத்து, ஒரு நிகழ்ச்சியோடு ஓயாமல் வருடக்கணக்கில் நிற்கும் ஒருவர். அவர் சிராம்பியடியிலேயே வளர்ந்த ஓர் இளம்பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு வைக்க, ஒப்பந்தம் வாசிக்க, ஒலிப்பதிவு செய்ய அவருக்குப் பயிற்சி கொடுப்பது ஒரு பெரிய விழா நடத்துவதைவிடச் செலவு குறைந்தது. கொழும்பில் விழா நடத்தும் தமிழ் அமைப்புகளும் இதில் பங்கெடுக்கலாம். அடுத்த முறை மஞ்சா குழுவை அழைக்கும்போது, மேடைச் செலவோடு அந்தப் பயிற்சிக்கும் ஒரு பங்கை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும்.