கூரையேறும் முன் கற்க வேண்டியவை

வீட்டுக்கூரை சோலாருக்கான பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. இலக்கு ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட் அமைத்தால் 78,000 ரூபாய் மானியம். மானியம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் பேனலைச் சரியாக மாட்டத் தெரிந்த ஆள் எங்கிருந்து வருவார்? திருவண்ணாமலை, போளூர், செங்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு.

பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படிக்கலாம், இரண்டு ஆண்டு. சோலார் டெக்னீஷியன் பிரிவு ஓராண்டு. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ மூன்றாண்டு; ஐடிஐ முடித்தவர் அதில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில். சூர்யமித்ரா என்ற 600 மணி நேரப் பயிற்சியும் இருக்கிறது. எலக்ட்ரீசியன் படிப்பு இல்லாமல் அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம், பேனல் மாட்டுவது வேலையின் சிறு பகுதிதான். திருவண்ணாமலை ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் பேனலைத் தெற்கு நோக்கி, கிட்டத்தட்ட அதே அளவு சாய்த்து வைக்கிறார்கள். ஆனால் ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அடிவாரத்தை ஒட்டிய தெருக்களில் மாலை வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையலாம். வெயில் கொளுத்தினால் மின்சாரம் கூடும் என்பதும் முழு உண்மையல்ல. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். கத்திரியில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் இழப்பு 12 சதவீதத்தை நெருங்கும். கூரைத் தளத்துக்கும் பேனலுக்கும் இடையே காற்றோட்டம் விடுவது இதனால்தான்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால் தீப்பொறி தானே அணைய வழியுண்டு. பேனலிலிருந்து வரும் டிசி (நேர்திசை) மின்சாரத்தில் அது இல்லை. தளர்ந்த ஒரு கனெக்டரில் பொறி நின்று எரியும். மின்தடை வந்தால் பேட்டரி இல்லாத கூரை சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது என்று வீட்டுக்காரர் கேட்பார். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கு இந்த வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது, அதற்காகவே இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. இதை விளக்கிச் சொல்லத் தெரிந்தவரே தொழில் தெரிந்தவர்.

கணக்கும் வேண்டும். ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் நம் மாநிலத்தில், மின்செலவு குறைந்த சிறு வீட்டுக்கு 3 கிலோவாட் தலையில் கட்டுவது நியாயமில்லை.

படிப்போடு உரிமமும் முக்கியம். வயர்மேனுக்கு பி லைசென்ஸ், சூப்பர்வைசருக்கு சி லைசென்ஸ். உரிமம் உள்ள பிறரிடம் கையெழுத்து வாங்கி வேலை பார்க்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் முன் பெற்றோர் பட்டறையைப் பார்க்கக் கேட்க வேண்டும். கூரையில் ஓடும் சோலார் அமைப்பு உண்டா, அதற்கு மாணவர்களே வயரிங் செய்தார்களா, மின்காப்பைச் சோதிக்கும் மெக்கரும் மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரும் அவர்கள் கையில் புழங்குகின்றனவா என்று கேளுங்கள். இவை அலமாரியில் பூட்டிக் கிடந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.