பழைய பிக்கப் வண்டியின் மின்னேற்றக் குறைபாடுகள்

சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு விடியுமுன் மரக்கறி கொண்டு செல்லும் கமக்காரருக்குப் பிக்கப் வண்டி மண்வெட்டியைப் போன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. அது புறப்பட மறுக்குமாயின், பறித்த கத்தரியும் கீரையும் வாடி விலை குன்றும். ஏ9 வீதியில் தம்புள்ளைக்குப் பாரத்துடன் செல்லும் இரவில் முன்விளக்கு மங்குமாயின், நட்டம் பணத்தோடு நில்லாது. இந்நிலையில் பலர் உடனே புதிய பற்றரி வாங்குகின்றனர். பெரும்பாலும் அது வீண் செலவே. சில கிழமைகளில் புதியதும் பழையதைப் போலவே சோர்ந்துவிடும்.

பற்றரி மின்சாரத்தைச் சேமித்து வைப்பது. தோட்டத்து நீர்த்தொட்டிக்கு ஒப்பானது. எஞ்சினாற் சுழலும் ஒல்ரனேற்றர் நீரிறைக்கும் பம்பி, வயர்கள் வாய்க்கால். தொட்டி நிரம்பவில்லையென்று தொட்டியை மாற்றுவார் எவருமிலர். 1990களில் மின்சாரமின்றி, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட குடாநாட்டாருக்கு இவ்வுண்மை புதிதன்று.

சோதனைக்கு விலை குறைந்த மல்ரிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுதும் நின்ற வண்டியில், எஞ்சினை இயக்குமுன் பற்றரியின் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். 12.6 வோல்ற் எனின் நிறைந்துள்ளது, 12.2 எனின் ஏறக்குறைய அரைவாசி. பின்னர் எஞ்சினை இயக்கிச் சற்று வேகப்படுத்தி மீண்டும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வரை காட்டுமாயின் மின்னேற்றம் ஒழுங்காக நிகழ்கின்றது. 13க்குக் கீழே நின்றால் மின் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சீராக்கி பழுதுற்றது. பற்றரி கொதித்து நீர் வற்றும். மின்னேற்றம் ஒழுங்காயிருந்தும் காலைதோறும் பற்றரி சோர்ந்திருப்பின், அணையாத விளக்கோ வானொலியோ இரவில் மின்னை உண்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அதுவும் இல்லையெனின் பற்றரியையே ஐயுறலாம்.

மின் ஏறாதவிடத்து முதலிற் பார்க்க வேண்டியது பெல்ற். பெருவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேற் தாழின் வழுக்கும். செம்மண் தூசியும் எண்ணெயும் படிந்து பளபளக்கும் பெல்ற்றை மாற்றுதலே நன்று. இதில் அலட்சியம் ஆபத்தாகும். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் வண்டிகள் பலவற்றில், பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பி ஒல்ரனேற்றரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. பெல்ற் அறுந்தால் மின்னேற்றத்துடன் பிரேக்கின் துணையும் நின்று மிதி கடினமாகும்; எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டமும் நிற்கும். ஆகவே ஓடும்போது சிவப்பு விளக்கு எரியுமாயின், சந்தை மட்டும் போய்ப் பார்ப்போம் என்றெண்ணாது நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது வயர்த் தொடுப்புக்கள். கடற்காற்று வீசும் இந்நிலத்தில் முனைகளிற் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூப்பது வழக்கம். அதனைச் சுரண்டி இறுக்கிக் கிறீஸ் பூச வேண்டும். எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, ஒல்ரனேற்றரின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ற்றுக்கு மேற் காட்டலாகாது. காட்டுமாயின் பழுது எர்த் வயரிலேயே உள்ளது. புதிய ஒல்ரனேற்றர் பூட்டியும் பயன் காணாதோர் பலருக்குத் தடையாயிருந்தது இவ்வயரே.

சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிகின்றதா என்பதும் கவனிக்கற்பாலது. பல வண்டிகளில் ஒல்ரனேற்றரை முதலில் உயிர்ப்பிக்கும் மின் அவ்விளக்கின் வழியே செல்வதால், விளக்குப் போனால் மின்னேற்றமும் நிற்கக்கூடும்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். டைனமோ காலத்துப் பழக்கமாகிய அது ஒல்ரனேற்றரின் டயோட்டுக்களைச் சுட்டுவிடும். இன்றும் ஒஸ்ரின், மொறிஸ் வண்டி வைத்திருப்போர் வேறொன்றையும் அறிதல் வேண்டும். அவற்றுட் பலவற்றில் உடலுடன் இணைந்திருப்பது நேர்முனை. இதனை அறியாது வேறு வண்டியிலிருந்து மின் கொடுத்தால் இரு வண்டிக்கும் கேடு விளையும்.

மூடி திறக்கும் பற்றரிக்குக் கிணற்று நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. சுண்ணக்கல்லினூடே ஊறிவரும் நம் நீர் கேத்திலின் அடியிற் படிய விடும் வெள்ளைச் சுண்ணத்தை எல்லோரும் அறிவர். கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீரையே, தகடுகள் மூழ்கும் அளவிற்கு விட வேண்டும். அப்போது அருகிற் சுருட்டுப் பற்ற வைத்தலாகாது; பற்றரியிலிருந்து எழும் வாயு தீப்பற்றும் இயல்பினது.